அணைக்காத பெட்டி

மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் துணியில்தான் முட்டிக்கொள்வார்கள். ஒரு ஆஸ்பத்திரிக்கு நாற்பது திரைகள் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள் தையல்காரி. நாற்பதும் வெள்ளை. தைத்து முடித்தவை, ஓரம் மடித்தவை, குண்டூசி குத்திக் காத்திருப்பவை என்று கூடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறுகளில் தொங்கின. வெளியே நான்கு நாளாக மூடுபனி வேறு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும், அதுவும் உள்ளே வந்து திரைகளுக்கு நடுவே நின்றுகொள்ளும். வீட்டில் இருந்த மூன்று பேரும் பாதி நேரம் ஒருவரை ஒருவர் நிழலாகவே பார்த்துக்கொண்டார்கள். பகல் பத்து மணிக்கும் அந்த வீடு தூக்கம் கலையாமல்தான் இருந்தது.

ஜன்னலோரத்து நாற்காலி அவள் புருஷனுடையது. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் சத்தக்காரர். ஒரு நாடகக் குழுவில் இருபத்திரண்டு வருஷம் சத்தம் போட்டவர். வாயால் இல்லை, கட்டையும் திருகும் வைத்த சிந்தசைசர் என்கிற மின்வாத்தியத்தால். மேடையில் மழை பெய்ய வேண்டுமா, கதவு கிறீச்சிட வேண்டுமா, கதாநாயகியின் மனசுக்குள் என்னவோ உடைய வேண்டுமா, எல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து அவர் திருகுகிற திருகில்தான் வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வலது கை தொங்கிப்போனது. கூடவே பேச்சும் போனது. எழுதிக் காட்டலாமே என்று பேனாவைக் கொடுத்தால் எழுத்தும் வரவில்லை. "காது நல்லா கேக்கும், புத்தி ஜோரா வேலை செய்யும். வார்த்தை மட்டும் வெளிய வராது, எந்த வழியாவும் வராது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மூன்று மாதம் அந்த மனுஷன் சுவரைப் பார்த்தபடி இருந்தார். வாழ்க்கையில் அவள் பயந்தது அந்த மூன்று மாதம்தான். பிறகு ஒரு நாள் இடது கையால் பெட்டியைத் தொட்டார். அந்த வீட்டில் சிந்தசைசருக்குப் பெட்டி என்றுதான் பேர். திருகுகளைத் திருகித் திருகி ஒரு சத்தம் செய்தார். நீர் சொட்டுகிற சத்தம். அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு அழுதார்.

அப்படி ஒவ்வொன்றாகப் பதினான்கு சத்தங்கள் சேர்ந்தன. விசிறி போட மூன்று மூச்சு. முதுகு வலித்தால் அடித்தொண்டையில் ஒரு முனகல். அதே வீட்டில் இருந்த அவர் தங்கை வேலை முடிந்து வந்தால் ஒரு தும்மல், ஏனென்றால் அவள் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள், படியேறும்போதே தும்மிக்கொண்டு வருவாள். நன்றிக்கு ஒரு மெல்லிய மணி. தையல்காரியைக் கூப்பிட ஒன்று இருந்தது. அது எப்படி இருக்கும் என்று அவளால் யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை. அது காதில் விழுந்தால் எழுந்து அவரிடம் போவாள், அவ்வளவுதான். ஒவ்வொரு சத்தத்தையும் பெட்டியில் ஓர் எண்ணில் சேமித்துவைத்திருந்தார். எண்ணை அழுத்தி, கட்டையைத் தொட்டால் பேச்சு.

அந்தப் பெட்டியை அவர்கள் அணைப்பதே இல்லை. "வாயை யாராவது அணைச்சு வெப்பாங்களா அண்ணி?" என்பாள் நாத்தனார். கரண்ட் போனாலும் பெட்டி சாகக்கூடாது என்று இன்வெர்ட்டர் வாங்கி மேஜைக்கடியில் வைத்திருந்தார்கள். ஆறு வருஷமாக அதன் சிவப்பு விளக்கு ஒரு நாளும் அணைந்ததில்லை.

அணைந்தது முந்தாநாள். இருபத்தேழாவது திரையை விரிக்க இடம் போதவில்லை. அவர் குட்டித்தூக்கத்தில் இருந்தார். பெட்டியின் அடாப்டரையும் தையல் மெஷின் விளக்கின் அடாப்டரையும் பிடுங்கி, மேஜையை ஒரு முழம் நகர்த்தி, திரும்ப மாட்டினாள். இரண்டு நிமிஷ வேலை. இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் ஒரே மாதிரி முனை. பெட்டியில் விளக்கு வரவில்லை, தையல் விளக்கும் வரவில்லை. மாற்றி மாட்டிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. அவசர அவசரமாகச் சரியாக மாட்டினாள். தையல் விளக்கு எரிந்தது. பெட்டி எரியவில்லை.

சத்தக்காரர் கண் விழித்துக் கட்டையைத் தொட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தொட்டார். அவளைப் பார்த்தார்.

"என்னவோ கரண்ட் கோளாறு போல இருக்குங்க," என்றாள் அவள். வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப எடுக்கத் தைரியம் வரவில்லை.

முதல் நாள் அவர் செத்த கட்டைகளையே தட்டிக்கொண்டிருந்தார். அவள் ஊகித்து ஊகித்து ஓடினாள். விசிறி கேட்டால் தண்ணீர் கொடுத்தாள், தண்ணீர் கேட்டால் தலையணையை மாற்றினாள். இரண்டாம் நாள் அவர் தட்டுவதை விட்டுவிட்டார். இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அதைப் பார்த்ததும் தையல்காரிக்கு அந்த மூன்று மாதம் திரும்ப வந்துவிடுமோ என்று கை ஓடவில்லை. ஒரே ஓரத்தை இரண்டு தடவை மடித்துத் தைத்துவிட்டு, உட்கார்ந்து பிரித்தாள்.

மூன்றாம் நாள் காலை நாத்தனார் ஓர் ஆளைக் கூட்டிவந்தாள். ரொட்டிக்கடை அடுப்பைப் பழுது பார்க்கிறவர். மூக்கர் என்று பேர். பேருக்கு ஏற்ற மூக்கும் இருந்தது, ஆனால் காரணம் அதுவல்ல என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

"யாராவது இருக்கீங்களா, இல்ல எல்லாரும் துணியா?" என்று திரைகளை விலக்கிக்கொண்டே வந்தார். "அப்பாடா, இதோ ஒரு மனுஷர். வணக்கம். இவங்க உங்க வீட்டம்மாவா? தங்கச்சின்னு கூப்பிடறேன்மா, தப்பா எடுத்துக்காதே. அப்போ நீங்க எனக்கு மச்சான். என்ன மச்சான், சரிதானே?"

சத்தக்காரர் அவரைப் பார்த்தார். மூக்கர் அந்தப் பார்வையையே பதிலாக எடுத்துக்கொண்டு, "ஆங், அப்படிச் சொல்லுங்க," என்றார். அன்று முழுக்க அவர் அப்படித்தான் பேசினார், பேசாத மனுஷனோடு ஒரு குறையும் இல்லாமல்.

"அண்ணே, இந்த மாதிரி பெட்டி இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்றாள் தையல்காரி.

"இல்லம்மா. அடுப்பு, தராசு, காது மெஷின் எல்லாம் பாத்திருக்கேன். எல்லாத்துக்கும் உள்ள கரண்ட் ஓடறது ஒரே மாதிரிதான். எங்கயோ போகணும்னு கிளம்புது, போக முடியல. எங்க நின்னுச்சுன்னு பாக்கணும், அவ்வளவுதான்."

முதலில் தையல் விளக்கைக் கழற்றி, பெட்டி மாட்டியிருந்த பிளக் பாயிண்டில் மாட்டிப் பார்த்தார். எரிந்தது. பிறகு பெட்டியின் அடாப்டரை எடுத்து, மீட்டரின் ஒரு முள்ளை முனைக்கு உள்ளேயும் இன்னொன்றை வெளியேயும் வைத்தார்.

"ஒன்பது வோல்ட். இது நல்லா இருக்கு. ஆனா பாத்தியாம்மா, மத்த அடாப்டர்ல உள்பக்கம் பிளஸ் இருக்கும். இந்தப் பெட்டிக்கு மட்டும் தலைகீழ், உள்பக்கம் மைனஸ். யாரோ ஒரு பிடிவாதக்காரன் செஞ்சிருக்கான்."

அவள் கத்தரிக்கோலை எடுத்து, ஒரு திரையில் தொங்கிய நூலை நறுக்கத் திரும்பிக்கொண்டாள்.

பெட்டியைக் குப்புறப் போட்டார். ஒரு பழைய காகிதத்தில் அதன் வடிவத்தைப் பென்சிலால் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். பதினெட்டு ஸ்க்ரூ. மூடியைத் தூக்கினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சத்தக்காரரும் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆறு வருஷமாகத் தன் பேச்சு குடியிருந்த இடத்தை அவர் திறந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. பச்சைப் பலகை, மேலே பொடிப் பொடியாக ஏதேதோ. எல்லாவற்றின்மேலும் வெள்ளையாக ஒரு படிவு.

"மாவு," என்றாள் நாத்தனார். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, இது என் மேல இருந்து கொட்டின மாவு. தினமும் வந்து பக்கத்துல உக்காந்து பேசறேனே. அன்னிக்குக் காலைல ஈரத்துணியால துடைச்சேன் வேற."

"தூசி யாரு வீட்லதான் இல்ல," என்றார் மூக்கர். மூக்கைப் பலகைக்கு அருகே கொண்டுபோனார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மெதுவாக மோந்துகொண்டே போனார். திரைகள் லேசாக அசைந்தன. கரண்ட் நுழைகிற மூலைக்கு வந்ததும் நின்றார்.

"இங்க கருகியிருக்கு. மச்சான், மோந்து பாருங்க."

சத்தக்காரர் குனிந்து மோந்தார். தலையை ஆட்டினார். மூன்று நாளில் அவர் ஆட்டிய முதல் தலையாட்டல் அது.

மூக்கர் மீட்டரை வைத்துப் பார்த்தார். அரிசிமணி அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டையைக் காட்டினார். "இது டையோடு. வாசல் காவல்காரன். கரண்ட் நேரா வந்தா கண்டுக்க மாட்டான். தலைகீழா வந்தா குறுக்க விழுந்து, அத்தனையையும் தன் மேல வாங்கிக்கிட்டு, பக்கத்துல இருக்கிற ஃப்யூஸையும் போக வெச்சு, உள்ள இருக்கறவங்களைக் காப்பாத்திடுவான். இவன் செத்துட்டான், ஃப்யூஸும் போச்சு. இவன் செத்த விதத்தைப் பாத்தா..." நிமிர்ந்தார். "வேற அடாப்டர் எதையாவது மாட்டினீங்களா?"

"இல்லையே," என்றாள் நாத்தனார்.

"இல்லண்ணே," என்றாள் தையல்காரி. கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவித் தரையில் விழுந்தது. சத்தக்காரர் கத்தரிக்கோலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் குனிந்து எடுக்கிற சாக்கில் ஒரு திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

மூக்கர் மேற்கொண்டு கேட்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு பழைய டிவி பலகையை எடுத்து, அதிலிருந்து ஒரு டையோடைப் பெயர்த்தார். அதைப் பற்றவைத்த சால்டரிங் அயனிலிருந்து மெல்லிய புகை கிளம்பி, திரை நடுவே சுற்றி, ஜன்னல் வழியே பனியோடு கலந்தது. நாத்தனார் ரொட்டி அரிந்து டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவரவர் இருந்த இடத்திலேயே தின்றார்கள். தெருவில் ஒரு வண்டி எங்கேயோ போனது. சத்தம் மட்டும் வந்தது, வண்டி தெரியவில்லை.

"மச்சானுக்கு மெஷின் ரிப்பேர் புடிச்சிருக்கு பாரும்மா," என்றார் மூக்கர். "கண்ணு இமைக்கவே இல்ல." ஃப்யூஸையும் மாற்றினார். பிறகு மீட்டரைப் பலகையின் நடுவே இருந்த காசளவு பேட்டரிமேல் வைத்தவர், முகம் மாறினார். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். எழுந்து, சமையலறைப் பக்கம் வந்து, தையல்காரியைக் கண்ணால் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அவர் செஞ்ச சத்தமெல்லாம் உள்ளயே சேத்து வெச்சிருக்காருன்னு சொன்னியே. அதை ஞாபகம் வெச்சுக்கத்தான் அந்தப் பேட்டரி. மூணு வோல்ட் இருக்கணும். அரை கூட இல்ல. அது செத்து எத்தனையோ வருஷமாச்சு."

"ஆனா நேத்து முந்தாநாள் வரைக்கும் எல்லாம் இருந்துச்சேண்ணே."

"நீங்கதான் அணைக்கவே இல்லையே. கரண்ட் இருக்கற வரைக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு தடவை அணைச்சுப் போட்டிருந்தா, பேட்டரி போகப் போகுதுன்னு அதுவே எழுதிக் காட்டியிருக்கும். அது எழுந்திரிக்கறப்பதான் அதையெல்லாம் சொல்லும். நீங்க தூங்கவே விடல, அப்புறம் எங்க எழுந்திரிக்கறது?"

"இப்போ?"

"பெட்டி எழுந்திரிக்கும். சத்தம் இருக்காதும்மா."

தையல்காரி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே அணைக்காமல் வைத்தார்கள்? அந்தப் பத்திரமே இப்படிக் காலை வாரிவிடும் என்று யார் கண்டார்கள்? அதைவிட, பிடுங்கிய கை தன் கை. சரியான அடாப்டரை மாட்டியிருந்தாலும் பிடுங்கிய அந்த இரண்டு நிமிஷத்தில் பதினான்கும் போயிருக்கும். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"நீங்க அவர்கிட்ட சொல்லாதீங்க," என்றாள்.

"நான் சொல்ல வேணாம்மா. பெட்டி சொல்லிடும்."

புதுப் பேட்டரியைப் போட்டார். அடாப்டரை மாட்டினார். பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு வந்தது. பெட்டியின் முகப்புக் கண்ணாடியில் எழுத்துகள் ஓடின. நாத்தனார் கையைத் தட்டினாள். சத்தக்காரர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். எண் ஒன்றை அழுத்தினார். ஒன்று என்பது தையல்காரியைக் கூப்பிடுகிற எண். கட்டையைத் தொட்டார்.

பளபளவென்று ஓர் எக்காளம் ஊதியது.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவர் இரண்டை அழுத்தினார். தண்ணீருக்குப் பதிலாகச் சர்க்கஸ் கூடாரத்து ஆர்கன் கெக்கெக்கே என்று சிரித்தது. மூன்று, நான்கு, ஐந்து. கம்பெனியில் போட்டு அனுப்பிய சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, யாருக்கோ, யாருடைய கல்யாணத்துக்கோ. பதினான்குவரை விடாமல் போனார். பதினான்காவது ஒரு பறவை. கையை எடுத்துவிட்டார்.

நாத்தனார் ஓவென்று அழுதாள். "என்னாலதான் அண்ணா. என் மாவுதான் உள்ள போயி... நான் இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன். சமையல்கட்டிலயே படுத்துக்கறேன்."

தையல்காரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அவ இல்ல," என்றாள். "நாந்தான். மேஜையை நகத்த நாந்தான் பிடுங்கினேன். திரும்ப மாட்டும்போது விளக்கோட அடாப்டரைப் பெட்டியில மாட்டிட்டேன். கரண்ட் கோளாறுன்னு உங்ககிட்ட சொன்னது பொய். இவர் கேட்டப்ப இல்லன்னு சொன்னதும் பொய். நாந்தாங்க."

மூக்கர் காகிதத்தில் குத்தியிருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப முடுக்கத் தொடங்கினார். சத்தக்காரர் மனைவியைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், அதுவும் எங்கேயோ தூரத்தில் இருப்பதைப் பார்க்கிற பார்வை.

கிளம்பும்போது மூக்கர் வாசலில் நின்று, "தினமும் ஒரு தடவை அணைச்சுப் போடும்மா," என்றார். "மச்சான், வரேன். கோச்சுக்காதீங்க, எக்காளம் ஊதினது நான் இல்ல." திரைகளை விலக்கிக்கொண்டு போனார். படியில் இறங்கும்போது அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போவது கேட்டது.

விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவள் என்பதால் நாத்தனார் மத்தியானம் படுத்துவிடுவாள். அழுத களைப்பில் அன்று சீக்கிரமே தூங்கிப்போனாள். தையல்காரி போய் மெஷினில் உட்கார்ந்தாள். இன்னும் ஒன்பது திரை பாக்கி. அவளுக்கும் அவருக்கும் நடுவே நான்கு வரிசை வெள்ளைத் துணி. அது அவளுக்கு வசதியாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து எக்காளம் மெதுவாக ஊதியது. திருகைத் திருகுகிறார். எக்காளத்தின் பளபளப்பு போனது. அது தடித்தது, கரகரத்தது, ஒரு தடவை தவளையாகிப் பிறகு மரக்கதவானது. அவள் தைத்துக்கொண்டே கேட்டாள். வெளியே பனி இறங்கி ஜன்னலுக்குக் கீழே உலகமே இல்லாமல் போனது. மெஷினின் ஓட்டமும் அந்தச் சத்தமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எவ்வளவு நேரம் போனதோ. தண்ணீருக்குத்தான் முதலில் செய்வார் என்று நினைத்தாள். கேட்டதும் ஓடவேண்டும் என்று காலைத் தயாராக வைத்திருந்தாள்.

வந்தது தண்ணீர் இல்லை. அடியிலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது. கிளம்பி, படபடவென்று பொரிந்து, மூச்சு வாங்க ஒரு கணம் நின்று, இன்னும் மேலே ஏறி, உச்சியில் கீச்சென்று கத்தி, கடைசியில் தொப்பென்று விழுந்தது.

தையல்காரியின் கால் மெஷினில் நின்றுவிட்டது.

மறுபடி வந்தது. அதே உறுமல், அதே பொரியல், அதே தொப். பேச்சு இருந்த காலத்தில் அவர் அவளைத் திட்டுகிற நடை இது. 'உன்கிட்ட எத்தனை தடவை சொல்றது' என்று அடியில் ஆரம்பித்து, நடுவில் மூச்சு வாங்கி, 'போ, என்னவோ பண்ணு' என்று தொப்பென்று முடிப்பார். நாளுக்கு இரண்டு சண்டை போட்டவர்கள் அவர்கள்.

"என்னங்க கத்தறீங்க?" என்றாள் திரைக்கு இந்தப் பக்கமிருந்து. குரல் அவளை மீறி உயர்ந்தது. "நாப்பது திரையை இந்தப் பொந்துக்குள்ள எங்க விரிக்கறதாம்? ரெண்டு அடாப்டரும் ஒரே மாதிரி இருந்தா நான் என்ன மோந்தா பாப்பேன்?"

உறுமல் வேகமாக வந்தது. பொரியல் இன்னும் காரமாக இருந்தது.

"ஆமா, பொய் சொன்னேன்! பயமா இருந்துச்சு, சொன்னேன்! நீங்க மட்டும் என்ன யோக்கியமா? ஆறு வருஷமா அணைக்கவே விடாதது யாரு? நான் ஒரு நாள் தூசி தட்டணும்னு சொன்னப்ப முறைச்சது யாரு?"

தொப்.

"தொப்பாம் தொப்பு! பேச்சை முடிச்சுட்டாராம்!"

நாத்தனார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். என்னவென்று கேட்க வாயைத் திறந்தவள், அண்ணனையும் அண்ணி இருந்த திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தையல்காரி எழுந்தாள். ஒரு திரை, இரண்டு திரை, மூன்று, நான்கு என்று விலக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள், இரண்டையும் நிறுத்தத் தெரியவில்லை. ஆறு வருஷமாக அவளை யாரும் திட்டவில்லை. நோயில் படுத்தவர் வீட்டுப் பெண்ணை யாரும் திட்டமாட்டார்கள்; பாவம் என்பார்கள், பொறுமைசாலி என்பார்கள். அவர் செய்துவைத்த பதினான்கு சத்தமும் கேட்பதும் நன்றி சொல்வதும்தான். கேட்பதும் நன்றி சொல்வதுமாக இருக்கிறவர் விருந்தாளி. விருந்தாளிக்கு ஆறு வருஷம் பணிவிடை செய்து அவளுக்குத் தனிமையில் நெஞ்சே வறண்டுபோயிருந்தது. அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அவர் முகம் சிவந்திருந்தது. மூக்கு விடைத்திருந்தது. உண்மையான கோபம். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருடைய உணர்ச்சியில்லாத வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை திட்டுங்க," என்றாள்.

சத்தக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி, ஒலியைக் கூட்டுகிற திருகை இன்னும் கொஞ்சம் திருகி வைத்துக்கொண்டு, கட்டையில் விரலை வைத்தார்.